கடற்கொள்ளை இலவசம்

தொழில்களிலேயே பரிதாபமான தொழில், குடிக்கத் தண்ணீர் கிடைக்காத ஊரில் கடல் இன்சூரன்ஸ் விற்பது. திண்டுக்கல்லில் அதை நான் பதினைந்து வருஷம் செய்தேன். காலையில் தெருக்குழாயடியில் ஒரு குடத்துக்காகச் சண்டை போட்டுவிட்டு, பத்து மணிக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பி, நடுக்கடலில் கப்பல் முழுகினால் என்ன ஆகும் என்று நாலு பேருக்கு விளக்க வேண்டும். ஏஜெண்டு வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பாடு தெரியும். சோப்பு விற்றாலும் சரி, சீட்டுக்கு ஆள் பிடித்தாலும் சரி, நம் தலையைத் தெருமுனையில் பார்த்ததும் விருட்டென்று உள்ளே போகிற கடைக்காரரின் முதுகை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சிரிக்க நிறைய இருந்தது. ஆனாலும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு இங்கிலீஷ் சொல்லுக்கு நான் தப்பாகத் தமிழ் சொன்னேன். அதை மீரான் ராவுத்தர் என்ற கைலி வியாபாரி அப்படியே நம்பினார். என் தப்பு எனக்குத் தெரிந்த பிறகு, அதை அவரிடம் சொல்ல எனக்கு நாளும் இருந்தது, நேரமும் இருந்தது. நான் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் சுற்றிச் சுற்றி அங்கேதான் போய் நிற்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கப்பலுக்கு என்ன வயசு?

எனக்கு ஏஜென்சி கிடைத்ததற்குக் காரணம் என் இங்கிலீஷ். இன்டர்மீடியட் தேறாத இங்கிலீஷ்தான். ஆனால் பேப்பரைச் சத்தமாகப் படிப்பேன். மதுரைக் கிளையில் இருந்தவர்கள் அதைக் கேட்டு மயங்கி, “உங்க ஊர்லேர்ந்து தோலு லண்டனுக்குப் போகுது, துணி பினாங்குக்குப் போகுது, ஒருத்தன்கூட இன்சூர் பண்றதில்ல, போய்ப் பிடிங்க” என்று அனுப்பிவைத்தார்கள்.

ஐம்பத்து மூன்றில் முதல் ஆளாக பேகம்பூர் ஹாஜியாரைப் பிடித்தேன். அங்கே வரிசையாக இருந்த தோல் பதனிடும் ஷாப்புகளில் ஒன்று அவருடையது. ஆவாரம்பட்டை ஊறுகிற தொட்டிகளுக்கு நடுவில் முக்காலி போட்டு உட்காரவைத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினால் மரியாதை இல்லை என்று, நாற்றத்தை விழுங்கிக்கொண்டே அரைமணி நேரம் பேசினேன். சென்னையில் சரக்கு ஏறுவது, வழியில் புயல், தீ, மோதல், லண்டனில் இறங்குவது எல்லாம் சொன்னேன். எங்கள் பக்கத்தில் அப்போது இன்சூரன்ஸ் என்றால் ஆயுள் இன்சூரன்ஸ் ஒன்றுதான். ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு முழுவதும் கேட்டார். அப்புறம் சொன்னார்: “அதெல்லாம் சரிதான் தம்பி. கப்பலுக்கு என்ன வயசாகுது? டாக்டரு பாத்துட்டாரா?”

ஒரே வரியில் இரண்டு பேர்

மீரான் ராவுத்தருக்கு மேற்கு ரத வீதியை ஒட்டி, சரக்கு அடுக்கிவைக்க ஒரு கிட்டங்கி. சின்னாளபட்டித் தறிகளில் கைலி நெய்யச் சொல்லி வாங்கி, பேல் கட்டி, ரயிலில் நாகப்பட்டினத்துக்கு அனுப்பி, அங்கிருந்து கப்பலில் பினாங்கு. சின்ன வயசில் பினாங்கில் ஒரு துணிக்கடையில் பத்து வருஷம் நின்றவர். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடமாட்டார். அதனால் இரண்டு மத்தியானம் உட்கார்ந்து பாலிசியை வரிவரியாக அவருக்குப் படித்துச் சொன்னேன்.

அந்தப் பாலிசியின் இங்கிலீஷ் எங்கள் முப்பாட்டன் காலத்தது. என்னென்ன ஆபத்து என்று ஒரு நீளப் பட்டியல் வரும். புயல், நெருப்பு, எதிரிகள், கடற்கொள்ளைக்காரர்கள், திருடர்கள், அப்புறம் மூச்சு விடாமல் ராஜாக்கள், இளவரசர்கள். “கொள்ளைக்காரன்லாம் அந்தக் காலம் பாய். இப்ப ஏது?” என்று சிரித்தேன். ராவுத்தர் சிரிக்கவில்லை. பினாங்குக்கும் சுமத்ராவுக்கும் நடுவில் இருக்கிற கடலில் அவர் முதலாளியின் சரக்கு இரண்டு தடவை போயிருக்கிறதாம். “மொத வந்தவன் கத்தி வச்சிருந்தான். ரெண்டாவது வந்தவன் சர்க்காராளு, சட்டையில பித்தான் மின்னுச்சு, ரசீது குடுத்தான். சரக்கு திரும்பலங்கிறதுல ரெண்டும் ஒண்ணுதான்” என்றார். அந்த வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். “கொள்ளைக்காரனையும் ராஜாவையும் ஒரே வரியில எழுதியிருக்கான் பாருங்க தம்பி. நல்லா அடிபட்டவன்தான் இத எழுதியிருக்கணும்.”

தமிழ்ச் சீட்டு

ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு மத்தியானம் படித்துச் சொன்னால் தொண்டை என்னத்துக்கு ஆகும்? பாலிசியைச் சுருக்கித் தமிழில் ஒரு பக்கம் எழுதி அச்சடித்துக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. ராவுத்தருக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்திருந்தது. அவர் சந்தோஷப்பட்டதில் எனக்கும் தலை கொஞ்சம் பெருத்தது.

பாலிசியின் ஓரத்தில் சாய்ந்த எழுத்தில் ஒரு பாரா உண்டு. ‘வாரண்டட் ஃப்ரீ’ என்று ஆரம்பிக்கும். பிறகு கைப்பற்றுதல், பிடித்து வைத்தல், சண்டை, கடற்கொள்ளை என்று போகும். வாரண்டி எனக்குத் தெரியும். கைக்கடிகாரம் வாங்கியபோது கொடுத்தார்கள். ஃப்ரீயும் தெரியும்; தலைக்கு வைக்கிற எண்ணெய் பாட்டிலோடு சீப்பு ஃப்ரீ. அகராதியைத் தொடவே இல்லை. கம்பெனி இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் சும்மா கொடுக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். சோப்புக் கம்பெனி காலண்டர் கொடுக்கவில்லையா என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன். இப்படி எழுதினேன்: ‘கைப்பற்றுதல், பிடித்து வைத்தல், கடற்கொள்ளை ஆகியவற்றுக்கு உத்தரவாதத்துடன் இலவசப் பாதுகாப்பு.’

சினிமா நோட்டீஸ் அடிக்கிற ரோஸ் காகிதத்தில் அடித்தோம். ‘இலவச’த்துக்குப் பெரிய எழுத்துப் போட்டதில் அடியில் என் பெயர் வர இடமில்லாமல் போய்விட்டது. அதற்காக இரண்டு நாள் வருத்தப்பட்டேன். அச்சாபீஸ்காரர் முதல் சீட்டை உருவி எடுத்து, மை காய ஊதிக்கொண்டே சொன்னார்: “ஏண்ணே, கொள்ளைய எனாமாக் குடுக்குற கம்பெனிய நான் இப்பத்தான் பாக்குறேன்.”

வெங்காயக்காரர்

சீட்டு பஸ் ஏறிப் பழனிப் பக்கம் வரைக்கும் போய்விட்டது. கீரனூரிலிருந்து ஒருவர் அதை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். சின்ன வெங்காயத்தைத் தூத்துக்குடியிலிருந்து தோணியில் கொழும்புக்கு அனுப்புகிறவர். நான் பாயை விரித்து உட்காரவைத்துப் புயல், தீ என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “ஏனுங்க, எனக்கு அந்த இலவசம் மட்டும் போதுமுங்க. மித்ததெல்லாம் வேண்டாமுங்க.”

இலவசத்தை மட்டும் தனியாகத் தரமுடியாது என்று புரியவைக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. போகட்டும், கடற்கொள்ளைக்கு அப்படிப் பயப்படுகிறாரே, தோணியை யாராவது வழிமறித்தார்களா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார். தூத்துக்குடியில் ஏற்றுகிறபோது இருக்கிற எடை ஏறிய பிறகு இருப்பதில்லை. கொழும்பில் இறங்குகிறபோது இருக்கிற மூட்டை இறங்கிய பிறகு இருப்பதில்லை. அதற்குத்தான் வந்திருக்கிறார். அது பாலிசியில் வராது என்றேன். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “அப்பறம் என்னத்துக்குங்க இது? நடுக்கடல்ல எவனுமில்லீங்க. கொள்ளைக்காரன் ரெண்டு கரையிலயுந்தானுங்க நிக்கறான்.”

வாய்க்கால் அடைப்பு

ஐம்பத்தாறு கடைசியில் சூயஸ் கால்வாயில் சண்டை வந்தது. கால்வாய் அடைபட்டது. லண்டனுக்குப் போகிற கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. உலக வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தால் நாலு அங்குலம் கூடுதல், அவ்வளவுதான். அந்த நாலு அங்குலத்தில் பேகம்பூர் படுத்துவிட்டது. வாங்குகிறவன் தந்தி அடிக்கவில்லை, அனுப்பின தோல் எங்கே போகிறதென்று தெரியவில்லை, புதுத் தோலை ஊறப்போட யாருக்கும் தைரியமில்லை. ஹாஜியார் ஷாப்பில் தொட்டிகள் காய்ந்து வெடித்துக் கிடந்தன.

அந்தச் சமயம் பார்த்து மதுரைக் கிளையிலிருந்து ஒரு கடிதம் வந்தது: சண்டை, கைப்பற்றுதல் இவற்றுக்கான கூடுதல் பாதுகாப்பை வாடிக்கையாளர்கள் எடுத்துக்கொண்டார்களா? நான் மிடுக்காகப் பதில் எழுதினேன், எங்கள் ஆட்களுக்கு அது ஏற்கெனவே இருக்கிறது என்று. எப்படி இருக்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நல்ல வேளையோ கெட்ட வேளையோ, தோல் எல்லாம் தாமதமாக, சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தது. ஒரே ஒரு கட்டு அன்றைக்கு நஷ்டமாகியிருந்தால் என் தப்பு அன்றைக்கே வெளியே வந்திருக்கும். பின்னால் எத்தனையோ நாள் இதை நினைத்திருக்கிறேன்.

ஷாப்பு மூடிக் கிடந்த நாளில் வாசலில் உட்கார்ந்திருந்த தோல் சுரண்டுகிற சவரியம்மாளிடம் சூயஸைப் பற்றிப் பெரிய விளக்கம் கொடுத்தேன். கப்பல் போகிற ஒரு வாய்க்கால், அதை மூடிவிட்டார்கள், உலகமே அதைத்தான் பேசுகிறது, பேப்பர் பூராவும் அதுதான் என்றேன். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: “எங்க தெரு வாய்க்கா மூணு வருசமா அடைச்சுக் கெடக்கு. அத எந்தப் பேப்பர்ல சாமி போட்டான்?”

யாருக்கு ஃப்ரீ?

அறுபத்து மூன்று தை மாசம், மதுரையிலிருந்து கம்பெனி இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். புதியவர், நல்லவர், வெயில் தாங்காமல் என் வீட்டு மோரை மூன்று டம்ளர் குடித்தார். மலேயாப் பக்கமும் இந்தோனேசியாப் பக்கமும் முறுக்கிக்கொண்டிருக்கின்றன, நடுவில் இருக்கிற ஜலசந்தியில் படகுகளை நிறுத்துகிறார்களாம், கொள்ளையும் நடக்கிறதாம், திண்டுக்கல்லில் ஒருவர்கூட அதற்குக் கூடுதல் பாலிசி எடுக்கவில்லையே, ஏன் என்று கேட்டார். நான் பெட்டியைத் திறந்து ரோஸ் சீட்டை எடுத்து நீட்டினேன். பாராட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் படித்தார். பாலிசியைக் கேட்டு வாங்கி ஓரத்துப் பாராவைப் படித்தார். மறுபடி சீட்டைப் படித்தார். முதலில் சிரிப்பு வந்தது அவருக்கு, பிறகு என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். பட்டியலில் கொடுத்ததில் எதற்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்று கம்பெனி ஓரத்தில் விலகிக்கொள்கிற பாரா அது. நான் எட்டு வருஷமாக அதைத்தான் இலவசம் என்று ஊரெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தேன். “இத யாரு எழுதுனாங்கன்னு நான் கேக்கல, நீங்க சொல்லவும் வேணாம். எல்லாத்தையும் திருப்பி வாங்கிக் கிழிச்சுப் போடுங்க” என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “இந்த ஃப்ரீ நமக்கு ஃப்ரீ இல்ல சார். கம்பெனிக்கு ஃப்ரீ.”

மூன்று தடவை

அந்த வாரமே தோல் ஷாப்புக்காரர்கள் நாலு பேரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். ஏசினார்கள். ஹாஜியார், “நல்ல வேள, இப்பவாச்சும் சொன்னியே” என்று கூடுதல் பாலிசிக்குக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான் விஷயம். ஒரு தாள், ஒரு கையெழுத்து. கீரனூர்க்காரருக்கு ஒரு கார்டு எழுதினேன். பாக்கி மீரான் ராவுத்தர்.

அவரிடம் சொல்ல ஏன் நாக்கு எழவில்லை என்றால், அந்தச் சீட்டுக்கு அவர் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கிட்டங்கிச் சுவரில் மாட்டியிருந்தார். முதல் தடவை போனபோது ஒரு நெசவாளியிடம் அதைக் காட்டிக்கொண்டிருந்தார். “நம்ம தம்பி எழுதுனது. ஏழெட்டு வக்கீல் சேந்தாலும் இம்புட்டுத் தெளிவா எழுத மாட்டான்.” நான் வாசலோடு திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை அவர் தொழுகைக்குப் போயிருந்தார். கால்மணி நேரம் இருந்தால் வந்துவிடுவார். அப்பாடா என்று சைக்கிளைத் திருப்பினேன். அந்த ‘அப்பாடா’வை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

மூன்றாம் தடவை உட்கார்ந்து டீ குடித்தேன். தரையெல்லாம் பேல்கள். இவ்வளவு நாளும் பினாங்கில் இன்னொருவருக்கு விற்றுவந்தவர், இந்தத் தடவை தன் சொந்த மார்க்கு போட்டு, பினாங்கில் மோட்டார் படகுக்கு மாற்றிச் சுமத்ராவுக்கே அனுப்பப்போகிறார். சின்னாளபட்டியில் இருபது தறி அவர் பேச்சை நம்பி ஆறு மாசமாக இதற்கே ஓடியிருக்கிறது. அவர் போட்டிருந்த முதல் எல்லாமே அந்தப் பேல்களில்தான் இருந்தது. வரிசையாக அதையெல்லாம் சொல்லிவிட்டு அவராகவே என்னைக் கேட்டார்: “அந்தக் கடலு சரியில்லைங்கிறாங்க. கூடுதலா ஏதும் எழுதணுமா தம்பி?”

இதைவிட நல்ல வாசலை யார் திறந்துவிடுவார்கள்? வாயைத் திறந்தேன். சுவரில் ரோஸ் காகிதம் கண்ணாடிக்குள் இருந்தது. “பாத்துச் சொல்றேன் பாய்” என்றேன். நாளைக்குச் சொல்லலாம், கப்பல் கிளம்ப இன்னும் ஆறு நாள் இருக்கிறது என்று மனசுக்குள் ஒரு கணக்கு. அவர் என் டம்ளரில் மறுபடி டீயை ஊற்றிக்கொண்டே சொன்னார்: “பாக்குறதுக்கு என்ன இருக்கு. நீங்க எழுதுனது சொவத்துல இருக்கையில எனக்கென்ன கவல.”

கொடி இல்லாத படகு

மறுநாள் என் மச்சினன் வீட்டில் விசேஷம். அதற்கு அடுத்த நாள் போனால், ராவுத்தர் பேல்களோடு நாகப்பட்டினம் போய்விட்டார் என்றார்கள். தந்தி அடித்திருக்கலாம். தந்தியில் எப்படி விளக்குவது என்று ஒரு சாக்கு கிடைத்தது. கப்பல் போய்விட்டது. அவர் திரும்பி வந்து, கப்பல் நல்ல நேரத்தில் கிளம்பியது என்று எனக்கு நாகூர் அல்வா கொடுத்தார். நான் அதையும் வாங்கித் தின்றேன்.

பங்குனியில் பினாங்கிலிருந்து கடிதம் வந்தது. கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மோட்டார் படகு சுமத்ராக் கரைக்குப் பாதி தூரம் போனபோது, பட்டப்பகலில், சாம்பல் நிறப் படகு ஒன்று குறுக்கே வந்து நின்றிருக்கிறது. கொடி இல்லை. வந்தவர்கள் காக்கிக் கால்சட்டை போட்டிருந்தார்கள், தொப்பி இல்லை. பேல்களை மாற்றிக்கொண்டு, முத்திரை அழிந்த ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். எழுத்தும் கரைந்திருந்ததால் அந்தக் காகிதத்தை யாராலும் படிக்க முடியவில்லை. படகோட்டிகள் ஏதோ சர்க்கார் ரோந்து என்றார்கள். பினாங்கு ஏஜெண்டு கொள்ளைக்காரர்கள் என்று எழுதியிருந்தார். ராவுத்தர் கடிதத்தை இரண்டு தடவை என்னைப் படிக்கச் சொல்லிவிட்டு, “இந்தத் தடவ கத்தியும் ரசீதும் ஒரே கையில வந்திருக்கு” என்றார். அவர் முகத்தில் பயம் இல்லை. பாலிசி இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்போதும் நான் சொல்லவில்லை.

தறிக்காரர்களுக்கு நேரில் சொல்ல வேண்டும் என்று சின்னாளபட்டிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சுப்பையா என்ற நெசவாளி தறிக்குழியில் இருந்து எழுந்திருக்காமலே கேட்டுக்கொண்டார். பிறகு நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “கொள்ளைக்காரனும் இடுப்புல ஒண்ணு கட்டத்தான வேணும். நல்லாக் கட்டட்டும். சாயம் மட்டும் போகாது, அப்பு.”

மதுரை ஆபீஸ்

கம்பெனி மறுத்துவிட்டது. கொள்ளையென்றாலும் சரி, சர்க்கார் பிடித்ததென்றாலும் சரி, இரண்டுமே ஓரத்துப் பாராவில் இருக்கிறது, பொறுப்பில்லை என்று மூன்று வரிக் கடிதம். ராவுத்தர் சுவரில் இருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிச் சீட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “வாங்க தம்பி, நேர்ல கேப்போம்” என்று என்னைக் கூப்பிட்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்தார். வழியெல்லாம், சீட்டைப் பார்த்தால் ஒத்துக்கொள்வார்கள் என்றே பேசிக்கொண்டு வந்தார். சின்னாளபட்டி தாண்டுகிறபோது சொல்ல நினைத்தேன், வாடிப்பட்டியில் நினைத்தேன், சமயநல்லூரிலும் நினைத்தேன்.

மானேஜர் மேஜையில் அவர் சீட்டை விரித்து வைத்தார். மானேஜர் அதை ஒரு விரலால் தன் பக்கம் இழுத்துப் படித்தார். பாலிசிப் பாராவை நிதானமாகத் தமிழில் சொன்னார். என்னைவிட நல்ல தமிழ். ராவுத்தருக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் உட்கார்ந்த வாக்கிலேயே கொஞ்சம் சின்னதாகிப்போனார். மானேஜர் கேட்டார், “இத எழுதிக் குடுத்தது யாரு? எங்க ஏஜெண்டா இருந்தா இன்னைக்கே ஏஜென்சிய எடுத்துடுவேன்.” எனக்கு அப்போது மூன்று பெண் குழந்தைகள். நான் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராவுத்தர் என் பக்கம் திரும்பவே இல்லை. “பஜார்ல யாரோ நோட்டீசு குடுத்தாங்க. நாந்தான் நம்பிட்டேன். ஏஜெண்டு தம்பிக்கும் இதுக்கும் சம்பந்தம் கெடையாது” என்றார்.

அதற்குப் பிறகு கிட்டங்கி கைமாறியது. கைலி வியாபாரம் அதோடு சரி. ஹாஜியார் ஷாப்பில் தோல் தரம் பிரிக்கிற வேலைக்கு அவர் போய்ச் சேர்ந்தார், கடைசி வரை அங்கேதான் இருந்தார். அதெல்லாம் பின்னால். அன்றைக்கு மதுரை பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் பஸ்ஸுக்கு நின்றோம். அவர் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “கடல்ல போனது போச்சு. கரையில நிக்கிறவனயும் எதுக்குத் தள்ளிவிடணும்? இங்கிலீசு ஒனக்கென்ன தாய்பாசையா? தெரியாம எழுதிட்ட” என்றார். முதல் தடவையாக என்னை ‘நீ’ என்று சொன்னார். பத்து வருஷப் பழக்கத்தில் அவர் எனக்குக் கொடுத்த பெரிய மரியாதை அது.

அந்த மரியாதையோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருக்கலாம். முடியவில்லை. தை மாசமே எனக்குத் தெரியும், மூன்று தடவை வந்தேன், சொல்லாமல் திரும்பினேன் என்று எல்லாவற்றையும் அங்கேயே, ஜனங்கள் இடித்துக்கொண்டு போகிற இடத்தில், சொல்லிவிட்டேன். ராவுத்தர் டீயைக் கீழே ஊற்றவில்லை, என்மேல் கோபப்படவும் இல்லை. கடைசி மடக்கு வரை குடித்துவிட்டு டம்ளரைக் கடைக்காரனிடம் நீட்டினார். பஸ் வந்தது. ஏறுகிறபோது திரும்பாமலே சொன்னார்: “தெரியாமச் செஞ்சீங்கன்னு நெனச்சுல்ல தம்பி, நான் உள்ள பொய் சொன்னேன்.”

அந்தக் கைலிகளைக் கொண்டுபோனது கொள்ளைக்காரனா சர்க்காரா என்று கடைசி வரை முடிவாகவில்லை. கொண்டுபோகட்டும் என்று விட்டது யார் என்பதில் மட்டும் யாருக்கும், முக்கியமாக எனக்கு, சந்தேகமே வந்ததில்லை.